பெரியவள், சின்னவள், நடுவில் ஒரு மோலி

கொச்சி
2-9-2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

வந்து சேர்ந்தேன். விடுதியில் அறை கிடைத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லிவிடு.

இந்தக் கடிதம் மீன்களுக்காக மட்டும். மாடித் தொட்டிகளை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அப்பா கையில் தீனி டப்பாவைக் கொடுத்தால் ஒரே நாளில் காலி செய்துவிடுவார். அம்மாவுக்கு மோலி என்றால் குழம்புக்கு ஆகாத மீன், அவ்வளவுதான். மிச்சம் இருப்பது நீ. செப்டம்பர் முழுக்க வீட்டில் இருந்து நான் முடித்திருக்க வேண்டிய ஆராய்ச்சி வேலை பாதியில் நிற்கிறது. ஏன் ஒரு மாதம் முன்னாலேயே கிளம்பி வந்தேன் என்பது உனக்குத் தெரியும்.

நீளமான தொட்டியில் இரண்டு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. இடக் கோடியில் பெரிய பெண் மீனை விடு. வலக் கோடியில் சின்னப் பெண்ணை விடு. நடுவில் இருக்கும் நீள இடத்தில் ஓர் ஆண். வெளிக் கண்ணாடியில் கறுப்பு மார்க்கரில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஆண் எந்தக் கோட்டைத் தாண்டி எந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பத்து நிமிடம் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். ஒவ்வோர் ஆணுக்கும் ஒரு தாள். அடுத்த ஆணை விடுவதற்கு முன் தண்ணீரை மாற்று. மீன்கள் பார்ப்பதோடு நிற்பதில்லை, தண்ணீரில் கரைந்த வாசனையாலும் பேசிக்கொள்ளும். போனவன் விட்டுப்போன பேச்சு வருகிறவனைக் குழப்பும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்று.

பத்து நிமிடமும் இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே நிற்கிற ஆண் சில சமயம் வரும். அதைக் கணக்கில் சேர்க்காதே. ‘நடு’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ. அது எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்கு எதுவும் சொல்லவும் இல்லை.

என் பேராசிரியைக்குப் பேனாவால் குறித்த அசல் தாள் வேண்டும், செல்போனில் எடுத்த படம் ஆகாது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. போன் செய்யாதே. உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன்.

தேவிப்பிரியா

*

மேனாம்பேடு
8-9-2024

அக்கா,

முழுப் பெயர் போட்டு எழுதியிருக்கிறாய். ரேஷன் கார்டுக்குப் பிறகு என்னை அப்படி அழைத்தது நீதான். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

தாள்கள் இத்துடன் இருக்கின்றன. பார்த்த ஆண்கள் எல்லாம் பெரியவள் பக்கமே போய்க் கண்ணாடியை முட்டிக்கொண்டு ஆடினார்கள். முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு என்ன ஆட்டம்! ஒருவன் மட்டும் நடுவில் நின்று பத்து நிமிடமும் குமிழியை வேடிக்கை பார்த்தான். ‘நடு’ என்று எழுதி விட்டுவிட்டேன். பாடியில் எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு வருஷா வருஷம் இன்கிரிமென்ட் வருகிறது.

இப்போது என் பக்கத்தையும் கேள். நீ கத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். எனக்குப் பேச வாய்ப்பே தரவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஆவடியிலிருந்து ஹேமநாதன் வீட்டார் வந்தது உன்னைப் பார்க்கத்தான். எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. தட்டை எடுத்துப் போகச் சொன்னது அம்மா. ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறாயா, பாடி மேம்பாலத்தில் டிராஃபிக் எப்படி என்று கேட்டது அவர். நான் பதில் சொல்லாமல் ஊமை மாதிரி நிற்க வேண்டுமா? உனக்கு வரப்போகிற மாப்பிள்ளையாயிற்றே என்று மரியாதைக்குச் சிரித்தேன். இரண்டு நாள் கழித்து அவருடைய அம்மா சாமுண்டீஸ்வரி போன் செய்து, “சின்னப் பொண்ணையே குடுங்க, எம் புள்ளைக்கு அதான் புடிச்சிகீது” என்று சொன்னால் அதற்கு நான் என்ன செய்வது?

அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னாடி இது, பெரியவள பாக்க வந்துட்டு சின்னவள கேக்குறாங்க” என்று திகைத்து நின்றாள். அப்பாதான், “ரெண்டும் நம்ம பொண்ணுதான, வர்ற நல்ல எடத்த வுட சொல்றியா” என்றார். நீ அப்பாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைத்தான், “இளிச்சிகினு நின்ன இல்ல” என்றாய். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று பிள்ளையார் சதுர்த்தி. எள்ளுப் பூரணம் வைத்த கொழுக்கட்டை உனக்காக நான்கு எடுத்து வைத்து, பிறகு ஞாபகம் வந்து அம்மாவே சாப்பிட்டாள்.

உன்
கிச்சு

*

கொச்சி
14-9-2024

கிருஷ்ணப்பிரியாவுக்கு,

தாள் கிடைத்தது. சுத்தமாகக் குறித்திருக்கிறாய்.

நீ உன் பக்கத்தை எழுதியதால் என் பக்கத்தையும் எழுதுகிறேன். இதுவரை எத்தனை போட்டோ வந்திருக்கும்? எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வேண்டாம் என்றவள் நான். எனக்கு இருபத்தொன்பது வயது ஆகிறது. முதல் தடவையாகச் சரி என்று சொன்னது இவருக்குத்தான். முகத்தில் ஒரு நிதானம் இருந்தது, அது எனக்குப் பிடித்தது. அம்மாவிடம் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். உனக்கே தெரியும், நீதான் அந்தப் பச்சைப் பட்டுக்கு மடிப்பு வைத்துவிட்டாய்.

அந்தப் பச்சைப் பட்டோடு அவருக்கு நேர் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நிலைவாசலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு உன்னைப் பார்த்தார். எனக்கு அவமானமாக இருந்தது, கிச்சு. நீ தப்பு செய்தாயா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். அந்த அவமானத்தை யார் மேலாவது கொட்டியாக வேண்டும். நீதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாய்.

உன் கல்யாணத்துக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். வருவேனா என்று மட்டும் கேட்காதே.

இனி இரண்டாவது கட்டம். முதலில் வழக்கம்போல் பத்து நிமிடம் பார். பிறகு கழுவி வைத்திருக்கும் அகல வாய் பாட்டிலில் வேறோர் ஆணை விட்டு, நடுத் தொட்டிக்குள் தெரிகிற மாதிரி வெளிக் கண்ணாடியை ஒட்டி வை. உள்ளே இருப்பவன் அவனைப் பார்க்க வேண்டும். மறுபடி பத்து நிமிடம் பார். அதன்பின் பாட்டிலை எடுத்துவிட்டு இன்னொரு பத்து நிமிடம். என்ன நடக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன் என்பதைச் சொல்லமாட்டேன். சொன்னால் உன் கண் அதையேதான் பார்க்கும்.

தேவி

*

மேனாம்பேடு
22-9-2024

அக்கா,

பாதிக் கடிதத்தில் ‘கிச்சு’ என்று எழுதிவிட்டாய். அடித்துத் திருத்தவும் இல்லை. அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

ஒரு கெட்ட செய்தி. உன் ஆராய்ச்சியை நான் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. பாட்டில் வைக்காத வரை எல்லாரும் ஒழுங்காகப் பெரியவளிடம்தான் போனார்கள். பாட்டிலை ஒட்டி வைத்ததும் புத்தி மாறிவிட்டது. பெரியவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சின்னவளிடம் போய் நின்றுகொண்டார்கள். ஒருவன் என்றால் சரி, ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான். பாட்டிலை எடுத்ததும் ஒன்றும் நடக்காத மாதிரி நேராகப் பெரியவளிடமே ஓடிவிடுகிறார்கள். தண்ணீர் சரியில்லையோ, பாட்டிலில் சோப்பு வாசனை இருந்ததோ என்று எல்லாவற்றையும் கழுவி மறுபடியும் வைத்துப் பார்த்தேன். அதேதான். நான் பொய்யாகக் குறிக்க விரும்பவில்லை. பார்த்ததைத்தான் தாளில் போட்டிருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டு.

புரட்டாசி பிறந்துவிட்டது. அடுப்படியில் மீனுக்கு இடமில்லை. மாடியில் மட்டும்தான் மீன். அம்மா மேலே துணி காயப்போட வரும்போதெல்லாம் தொட்டியைப் பார்த்து, “இதுங்களுக்கு இருக்கற சவரட்சண எனக்கு இல்ல” என்கிறாள்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாமல் நீ வேறு யார் மூலமாவது தெரிந்துகொண்டால் அது அசிங்கம். புரட்டாசி முடிந்து ஐப்பசியில் முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று இரு வீட்டிலும் பேசிவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா காலண்டரில் தேதியை வட்டம் போட்டுவிட்டார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் நான் அந்தப் பாயில் போய் உட்காரப்போவதில்லை. இது சத்தியம்.

ஆனால் அந்த வார்த்தையைக் கோபத்தில் சொல்லாதே.

கிச்சு

*

கொச்சி
28-9-2024

கிச்சு,

நீ எதையும் கெடுக்கவில்லை! அந்தத் தாள்களை விடுதி மெஸ்ஸில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாம்பார் ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. நான் எதிர்பார்த்தது இதைத்தான். வேறு ஊர்களில் வேறு வகை மோலிகளில் பார்த்திருக்கிறார்கள். நம் மாடித் தொட்டியில் வருமா என்பதுதான் என் கேள்வி. வந்துவிட்டது.

விளக்கம் சொல்கிறேன். பெரிய பெண் என்றால் குஞ்சு அதிகம், அதனால் ஆணுக்குப் பெரியவள் மேல்தான் ஆசை. ஆனால் மீன்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடிக்கும். இன்னொருவன் எவளைச் சுற்றுகிறானோ அவளிடம்தான் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவனும் அங்கேயே போய் நிற்பான். பெண்களும் அப்படிச் செய்வதுண்டு. ‘அந்தப் பொண்ண இன்னும் ரெண்டு எடத்துல கேக்குறாங்க’ என்று தரகர் சொன்னதும் நம் வீடுகளில் நடக்கிற பரபரப்பு இருக்கிறதே, அதேதான். அதனால் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் இருக்கும்போது ஆண் தனக்குப் பிடித்தவளை விட்டு விலகிப் பிடிக்காதவளிடம் போய் நிற்கிறது. பார்ப்பவன் தவறான பக்கம் போய்விடுவான். பாட்டில் போனதும் இவன் தன் ஆளிடம் திரும்பிவிடுவான்.

இதை ‘ஏமாற்று’ என்று சொல்லலாமா கூடாதா என்று படித்தவர்களுக்குள் இன்னும் சண்டை ஓய்வதாக இல்லை. போட்டிக்காரனைப் பார்த்த பயத்தில் ஆசை குறைந்து குழம்புகிறது, அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு. எனக்கு ஏமாற்று என்றுதான் படுகிறது. ஆனால் ஆய்வேட்டில் அப்படி எழுதமாட்டேன்.

மூன்றாவது பத்து நிமிடத்தை, பாட்டில் எடுத்த பிறகு வருவதை, விடாமல் குறி. அது இல்லாமல் முன்னால் பார்த்த இரண்டுக்கும் அர்த்தமே கிடையாது. ஆளுக்கு உண்மையில் யார்மேல் ஆசை என்பது அதில்தான் தெரியும்.

நிச்சயத்தைப் பற்றி எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் அதற்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் சந்தோஷமாக இருக்கிறேன். ஒரு நாள் இப்படியே இருந்துவிட்டுப் போகிறேனே.

தேவி

*

மேனாம்பேடு
7-10-2024

அக்கா,

தாள்கள் வைத்திருக்கிறேன். பத்திரமாக எடுத்துக்கொள். இனி எழுதப்போவது மீன் விஷயம் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று பாட்டிலைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தபோது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஹேமநாதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தானே, அவருடைய பெரியப்பா மகன் சம்பத். கையில் தங்கக் காப்பு, வாயில் ஓயாத பேச்சு. “இன்னா மாமே, பஜ்ஜி சூப்பரா கீது” என்று உள்ளே எட்டி எட்டிப் பார்த்தவன். அவனுக்கும் பெண் பார்க்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்குத் தலைக்குள் ஏதோ திறந்துகொண்டது. அவரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

நிச்சயத்துக்கு முன் ஒரு தடவை பேசிக்கொள்ளட்டும் என்று அவருடைய அம்மாவே சொல்லியிருந்தார். நேற்று சாயங்காலம் கொரட்டூர் ஏரிக்கரை நடைபாதையில் சந்தித்தோம். ரயிலில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. நீ சொன்ன அந்த நிதானம் முகத்தில் அப்படியே இருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

“அன்னிக்கு நீங்க பாக்க வந்தது எங்க அக்காவ. ஏன் என்கிட்டயே பேசிகினு இருந்தீங்க?”

ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, “சம்பத் பக்கத்துல இருந்தான்ல” என்றார்.

பூந்தமல்லியில் போன வருஷம் ஒரு பெண்ணைப் பார்த்தார்களாம். பிடித்திருக்கிறது என்று இவர் முகத்திலேயே தெரிந்துவிட்டதாம். இவர் வீட்டில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சம்பத் வீட்டார் போய்ப் பேசிவிட்டார்கள், கடைசியில் அவனுக்கும் அது அமையவில்லையாம். “சின்ன வயசுலேர்ந்து அப்படித்தாங்க. நான் எத நல்லாருக்குன்னு பாத்தாலும் அவனுக்கு அது வேணும். அதான் இந்த தடவ உங்க அக்கா பக்கமே திரும்பக் கூடாதுன்னு இருந்தேன். போட்டோல பாத்தப்பவே எனக்கு அவங்கள புடிச்சிருந்தது.”

“அப்போ உங்க அம்மா ஏன் என்னைக் கேட்டாங்க?”

“அவங்க நான் யார்கிட்ட பேசறேன்னு பாத்துகினே இருந்திருக்காங்க. எம் புள்ள மனசு எனக்குத் தெரியாதான்னு அவங்களே போன் பண்ணிட்டாங்க.”

“நீங்க இல்லன்னு சொல்லலயா?”

“அம்மா ரொம்ப சந்தோஷமா இருந்தாங்க. அப்புறம்...” என்று இழுத்தவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சொன்னார். “நீங்களும் நல்ல பொண்ணுதானே.”

அக்கா, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். எழுதாவிட்டால் ஐப்பசியில் நிச்சயம் நடக்கும், உனக்கு எதுவும் தெரியப்போவதில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய். எனக்கு அவரைப் பிடித்துப் போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்குப் பிறகு. என்னைத்தான் கேட்டார்கள் என்றதும் ஒரு பெருமை வந்தது. அதிலிருந்து பிடிக்க ஆரம்பித்தது. எப்போதும் நீதான் படித்தவள், நீதான் கெட்டிக்காரி. ஒரு தடவை யாரோ என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்தேன். தேர்ந்தெடுக்கவில்லை. நான் இருந்த பக்கம் அவருக்கு மறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். ஹெல்மெட்டுக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது. கண்ணாடிதான் மங்கிப் போகிறது.

அவருக்குப் பிடித்தது உன்னைத்தான். நீ சரி என்றால் நானே அப்பாவிடம் பேசி, அந்த அம்மாவிடம் பேசி, எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறேன். பச்சைப் பட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

கிச்சு

*

கொச்சி
13-10-2024

என் கிச்சு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க மாட்டேன். அவருக்கு என்னைத்தான் பிடித்திருந்தது என்ற வரியை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திரிந்தேன். கண்ணாடியில் என்னையே நன்றாகப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பச்சைப் பட்டு எனக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. உன் அழுகை எனக்கு உறைத்தது அடுத்த நாள்தான். அதற்காக என்னைத் திட்டிக்கொள். நானும் திட்டிக்கொண்டேன். இளிச்சிகினு நின்றாய் என்று சொன்ன வாயையும் சேர்த்துத்தான்.

பிறகு உன் தாள்களைக் கணக்குப் போட உட்கார்ந்தேன். மூன்றாவது பத்து நிமிடம். பாட்டில் எடுத்த பிறகு ஆண்கள் என்ன செய்தார்கள்? போய்விட்டார்கள், தங்களுக்குப் பிடித்தவளிடம். ஒரு மீன்கூடத் தன் அம்மா என்ன நினைப்பாள் என்று நிற்கவில்லை. மீனை வைத்து மனிதரை எடைபோட்டால் என் பேராசிரியை என்னைத் தொட்டியில் தள்ளிவிடுவார். தள்ளட்டும்.

சம்பத் அன்று சாயங்காலமே பஜ்ஜி தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஹேமநாதன் யாருக்காக மறைத்தார்? போனில் அவருடைய அம்மா உன்னைக் கேட்டபோது பக்கத்தில் இருந்திருப்பார். அப்பா தேதிக்கு வட்டம் போட்டது தெரிந்திருக்கும். வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. நீ ஏரிக்கரையில் வைத்துக் கேட்டிருக்காவிட்டால் உன் கழுத்தில் தாலி கட்டும்போதும் சொல்லியிருக்கமாட்டார். என்னைப் பிடித்திருந்தும் வாயைத் திறக்காதவர் எனக்கு வேண்டாம். நான் சரி என்றது ஒரு போட்டோவுக்கு. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வலிக்கிறது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வலித்த மாதிரி இல்லை.

இப்போது உன் விஷயம். நீ கேட்ட வார்த்தையைக் கோபமில்லாமல் சொல்கிறேன். நான் வேண்டாம் என்பதால் நீயும் வேண்டாம் என்காதே. அதுவும் காப்பியடிப்பதுதான். அவர் என்னை நினைத்தார் என்பதற்காகவும் அவரை ஒதுக்க வேண்டியதில்லை. ஒரு போட்டோவைப் பார்த்து நினைத்தது எத்தனை நாளைக்கு? உனக்கு அவரைப் பிடித்திருந்தால், உன்னை உனக்காகவே வேண்டும் என்று அவர் வாயால் சொன்னால், நான் வந்து முன்வரிசையில் உட்காருவேன். மனசோடுதான் உட்காருவேன்.

ஆனால் அவர் சொல்ல வேண்டும். சம்பத்தும் இல்லாமல், அவருடைய அம்மாவும் இல்லாமல். நீ அதைக் கேட்காமல் விடாதே.

அக்கா

*

மேனாம்பேடு
20-10-2024

அக்கா,

இங்கே மூன்று நாள் மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் போய் ஏர் பம்ப் நின்றுவிட்டது. நானும் அம்மாவும் மாற்றி மாற்றிக் குவளையால் தொட்டித் தண்ணீரையே மொண்டு மொண்டு ஊற்றிக் காற்று கலக்கவிட்டு மீன்களைக் காப்பாற்றினோம். அம்மா திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள், ஆனால் நிறுத்தவில்லை. ஒன்றும் சாகவில்லை.

மழை விட்டதும், நேற்று, அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற டீக்கடைக்கு ஹேமநாதனை வரச் சொன்னேன். இரண்டு டீ சொல்லிவிட்டு நின்றோம். நீ எழுதியதை அப்படியே சொல்லாமல் என் பாஷையில் கேட்டேன்.

“இங்க சம்பத் இல்ல. உங்க அம்மா இல்ல. எங்க அக்கா வேணான்னுட்டா. எனக்கு உங்கள புடிச்சிருந்தது, அதையும் சொல்லிட்டேன். இப்போ நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இன்னா வேணும்?”

அவர் டீயைப் பார்த்தார். “அக்கா கோவமா இருக்காங்களா?” என்றார். இல்லை என்றேன். “இல்ல, அவங்க மறுபடியும் யோசிச்சா...” என்றார். யோசிக்கமாட்டாள் என்றேன். “அப்போ நம்ம தேதி மாறாதுல்ல, அம்மா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டாங்க” என்றார்.

“அம்மா சொன்னது இருக்கட்டும். நீங்க?”

“நான் இன்னாங்க சொல்றது. அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு சொல்றேனே.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நானும் உதவி செய்யவில்லை. எப்போதும் நான்தான் ஏதாவது பேசி இடைவெளியை நிரப்புவேன், உனக்குத் தெரியும். நேற்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆவடி வண்டி ஒன்று வந்து போயிற்று. அவருடைய டீயில் ஆடை படிந்தது. கெட்ட மனுஷன் இல்லை அக்கா. நாளைக்கு இன்னொரு பெண்ணிடமும் இதே நிதானமாக இருப்பார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கொஞ்சம் பாவமாக இருந்தது. என்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. டீயைக் குடித்துவிட்டு, வேண்டாங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் சொன்னேன். அப்பா காலண்டரையே ஆணியிலிருந்து கழற்றி வைத்துவிட்டார், என்னோடு பேசுவதில்லை. அம்மா, “ரெண்டு பேரும் மீனையே கட்டிகினு கெடங்க” என்றாள். ஆனால் ராத்திரி எனக்குத் தோசை வார்க்கும்போது கூட ஒன்று வைத்தாள். பிறகு, “தேவி பொங்கலுக்கு வர்றாளா கேளு” என்றாள். கேட்டுவிட்டேன்.

தாள்களை எடுத்துக்கொள். இதுதான் கடைசிக் கட்டு. எல்லாம் மீன்களுடையவை, ஒன்று மட்டும் இல்லை. அதை உன் பேராசிரியையிடம் காட்டாதே. மேலே ‘ஆண், ஆவடி’ என்று எழுதியிருக்கிறேன். பாட்டில் இல்லை. பெரியவள் பக்கமும் போகவில்லை, சின்னவள் பக்கமும் வரவில்லை. கடைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பத்து நிமிடமும் அதே இடம்.

‘நடு’ என்று எழுதியிருக்கிறேன். உன் விதிப்படி கணக்கில் சேர்க்கவில்லை.

உன்
கிச்சு

பி.கு.: பிளாக்கை எடு. இன்று ராத்திரியிலிருந்து தினமும் அடித்துப் பார்க்கப்போகிறேன்.